இன்னாசி எடுத்த சூடான பேட்டி

முத்துக்குளி டிவி என்று ஒரு கேபிள் டிவி. அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோருமே மகா கெட்டிக்காரர்கள். இதை அவர்களே சொன்னார்கள்.

மீன் ஏலம் கூவிய தொண்டைக்காக இன்னாசிக்கு அங்கே வேலை கிடைத்தது. ஆடுகளத்து ஓரமாக நின்று ஆட்டக்காரர்களிடம் பேட்டி எடுக்கிற வேலை. மாமனார் வீட்டில் அவனை "டிவி மாப்பிள்ளை" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்; சாப்பாட்டில் ஒரு பொரித்த மீன் கூடுதலாக விழுந்துகொண்டிருந்தது.

ஆனால் தொடக்கமே சரியில்லை. முதல் வேலை ஒரு கால்பந்து ஆட்டம். "தோத்தவனையும் விட்டுராத" என்று மேனேஜர் பெலிக்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். இன்னாசி தோற்ற கோல்கீப்பரின் மணிக்கட்டைப் பிடித்தவன்தான். பையனின் அம்மா தேடி வந்து பிடுங்கிப் போகும்வரை விடவில்லை.

"இதுதான் கடைசி, இன்னாசி" என்றார் பெலிக்ஸ். "இன்னைக்குக் கபடி பைனல். ஆட்டநாயகன் பேட்டி இல்லாம வந்தா நீ ஏலத்துக்கே போயிரு. ஆட்டம் முடிஞ்ச பெறவு எடுக்கிற பேட்டி ஆறின காப்பி. ஆளு சூடா இருக்கும்போதே மைக்கை நீட்டிரணும்."

புன்னைவிளை மைதானத்தில் இன்னாசி ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்களின் நெற்றியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"எல்லாம் வெதுவெதுப்புதாம்ல" என்றான் கேமராமேன் சுடலையிடம்.

சுடலை ஆழ்ந்து யோசித்தான். "உள்ள ஆடிட்டு இருக்கவன்தான் சூடா இருப்பான்."

நியாயம்தானே. இன்னாசி புன்னைவிளை அணியின் பக்கத்து ஓரமாகப் போய் நின்றான். எதிரணியான கடம்பன்குளத்துக்காரன் ஒருவன் "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு வந்தான். மைக் நீண்டது.

"உங்க மனநிலை எப்படி இருக்கு?"

நல்லபடி வளர்ந்த பையன். "ரொம்ப சந்தோஷமா இருக்குண்ணே" என்றான். பாட்டு நின்றது, அவுட்.

அடுத்தவனிடம், "இந்த வெற்றி யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு." அவுட்.

மூன்றாமவன் விவரமானவன். எதைக் கேட்டாலும் "கபடி, கபடி" என்றே பதில் சொன்னான். இன்னாசி குரலைத் தணித்து, "சாப்பிட்டாச்சா?" என்றான். அதற்குப் பதில் சொல்லாமல் எந்த மனுஷனால் போக முடியும்? "ஆச்சுண்ணே, நீங்க?" என்றான். அவனும் அவுட்.

புன்னைவிளை அணி கையைக் கட்டிக்கொண்டு பேட்டியை ரசித்தது.

கடம்பன்குளத்துத் தலைவன் நடுவரிடம் முறையிட்டான். நடுவர் விசாரணை நடத்தினார்.

"நிருபர் கோட்டுக்குள்ள வந்தாரா?"

"இல்ல. மைக்குதான் வந்துச்சு."

"மைக்குக்குக் காலு உண்டா?"

"கெடையாது."

"காலில்லாதது எப்படிவே கோட்டை மிதிக்கும்? ஆட்டம் நடக்கட்டும்."

கடம்பன்குளத்தார் இதை ஒப்புக்கொண்டு, வரிசையாக வந்து பேட்டி கொடுத்துத் தோற்றார்கள்.

கோப்பை கொடுக்க வந்த பிரமுகர் கேட்டார்: "அதிகம் பேரை அவுட்டாக்கினது யாரு?" எல்லா விரலும் ஒரே பக்கம் நீண்டன. இன்னாசி கழுத்தில் மாலை, கையில் கோப்பை.

"லே, ஆட்டநாயகன் நீதாம்ல" என்றான் சுடலை. "சீக்கிரம் பேட்டி எடு, சூடு ஆறிரும்."

இன்னாசி மைக்கைத் தன் வாய்க்கு நேராகவே பிடித்தான். "வணக்கம். உங்க மனநிலை எப்படி இருக்கு?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: இந்த ஆளிடம் வாயைத் திறந்தவன் எவன் உருப்பட்டான்? எல்லோரும் அவுட். கண்ணால் பார்த்தானே. உதட்டை இறுக்கிக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினான்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. பொழப்பு போயிரும்" என்று தன்னிடமே கெஞ்சினான். ம்ஹூம், அசையவில்லை.

பெலிக்ஸுக்குப் போன் போட்டான். "சார், ஆளு பக்கத்துலதான் நிக்கான். வாயைத் தொறக்க மாட்டேங்கான்."

"விட்டுராத. அவன் வீடுவரைக்கும் பின்னாலயே போ."

இன்னாசி வீட்டைப் பார்த்து ஓடினான். யாரும் துரத்துகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடி, உள்ளே புகுந்து கதவைச் சாத்தினான்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு இரைக்க இரைக்க வந்த சுடலை கதவைத் தட்டினான். "இன்னாசி, ஆளு சிக்கினானா?"

"எங்கல சிக்குதான்" என்று உள்ளிருந்து சலிப்பாகக் குரல் வந்தது. "வீட்டுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுட்டான். கப்பு கையில வந்ததும் ஆளே மாறிட்டாம்ல."