பந்தியில் இரண்டு அரசர்கள்

யோர்தான் நதிக்குக் கிழக்கே, மலைச்சரிவெல்லாம் திராட்சைக்கொடி படர்ந்த ஒரு சிறு நாட்டை வெகுகாலத்துக்கு முன் இத்ரான் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மனத்தில் ஒன்று தோன்றிவிட்டால் அந்த நிமிடமே அது நடந்தாக வேண்டும்.

அவனுடைய மந்திரி எல்நாத்தான். அவரைக் கண்டால் அரண்மனைப் பானபாத்திரக்காரர்களின் தலைவன் சிம்ரானுக்கு ஆகாது. அரசனுக்குத் திராட்சரசம் ஊற்றிக் கொடுப்பவன் சிம்ரான். அதைக் குடித்துக்கொண்டே அரசன் யோசனை கேட்பதோ மந்திரியிடம்.

மந்திரி தம் மகள் திர்சாளை யாமீன் என்ற திராட்சத் தோட்டக்காரனுக்கு மணமுடித்துக் கொடுத்தார். யாமீனுக்குத் தகப்பன் இல்லை. தாய் அபியாள் மட்டும். அந்த நாட்டில் கல்யாண விருந்து ஏழு நாள், மணமகன் வீட்டில் நடக்கும். வந்தவர் யாரானாலும் திராட்சரசம் தர வேண்டும். விருந்து முடியுமுன் ஜாடி வற்றினால், பேரப்பிள்ளைகள் காலம் வரை ஊர் அதைச் சொல்லிக் காட்டும். பெண் வீட்டார் ரசம் அனுப்பி உதவுவதோ அதைவிட இழிவு.

இதெல்லாம் தெரிந்துதான் சிம்ரான் அரசனிடம் போனான். மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கு அரசர் நேரில் போனால் எவ்வளவு பெருமை, காவற்படையையும் கூட்டிப் போனால் இன்னும் பெருமை என்றான். அரசன் உடனே குதிரை ஏறிவிட்டான்.

நான்காம் நாள் விருந்து நடக்கையில் பாதையில் காவற்படையின் புழுதி எழுந்தது. அபியாள் மந்திரியைத் தனியே அழைத்தாள்.

"சம்பந்தி, இன்னும் நாலு ஜாடிதான் இருக்கிறது. இத்தனை பேருக்கு நான் எங்கே போவேன்? உங்கள் பெண் என் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தலைகுனிய வேண்டுமா?"

மந்திரி பந்தியைப் பார்த்தார். திர்சாளும் யாமீனும் கிண்ணத்தை உதட்டில் வைத்துவிட்டு அப்படியே கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள். தளும்பத் தளும்ப இருந்தன இரண்டும். விருந்தாளிகளுக்கு மிச்சப்படுத்துகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. மருமகனை அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். யாமீன் தலையில் மணமகனுக்குரிய இலைக் கிரீடம் இருந்தது.

அரசன் இறங்கினான். மந்திரி வணங்காமல் நின்றார்.

"என்ன எல்நாத்தான், வணங்க மறந்துவிட்டீரா?"

"மறக்கவில்லை ஐயா. விருந்து முடியும்வரை மணமகன்தான் அரசன் என்பது நம் முன்னோர் வழக்கம். இந்த முற்றத்தில் இரண்டு பேரை அரசே என்றால், நான் யாருக்கு மந்திரி?"

"இலையைச் சூடிய தோட்டக்காரன் அரசனா?" என்றான் சிம்ரான்.

"உம் கல்யாணத்தில் உம்மையும் அரசே என்றுதான் கூப்பிட்டோம். நீரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். தன் பொற்கிரீடத்தைக் கழற்றிக் காவலனிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று யாமீனிடம் கேட்டான். யாமீன் கூச்சத்தோடு தலையசைத்தான்.

மந்திரி அடுத்ததைச் சொன்னார். புது அரசருக்கு, ரசம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பந்தி விசாரிப்புக்காரர் இல்லையாம். நாட்டிலேயே திராட்சரசம் அறிந்தவர் சிம்ரான்தான். அவர் சம்மதித்தால் இந்த ஏழை வீட்டுக்கே கௌரவமாம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிம்ரானின் மார்பு விரிந்தது. விசாரிப்புக்காரனின் கோலை வாங்கிக்கொண்டு, தன் பொறுப்பில் இந்த விருந்தில் ஒரு கிண்ணமும் வெறுமையாகாது என்று உரக்கச் சொன்னான்.

பிறகுதான் ஜாடிகளைப் போய்ப் பார்த்தான்.

திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஐயா, காவற்படையை அனுப்பிவிடலாமே" என்று அரசன் காதில் முணுமுணுத்தான்.

"நான் இங்கே விருந்தாளி, சிம்ரான். என்னைக் கேட்டு என்ன பயன்? அவர்களை அழைத்து வரச் சொன்னது நீதானே? கவனித்துக்கொள்."

அன்று பிற்பகல் சிம்ரானின் சொந்த நிலவறையிலிருந்து கழுதைகள் வரிசையாக மலையேறின. அரசன் பந்தியில் இரண்டு கிழவிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, ரொட்டியைப் பிட்டுத் தின்றான். விருந்து முடியும்வரை அவன் அரண்மனைக்குத் திரும்பவில்லை. இப்படி ஒரு கல்யாணம் தனக்கு நடக்கவில்லையே என்று மந்திரியிடம் மட்டும் மெல்லச் சொன்னான்; தன் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போட்டான்.

ஏழாம் நாள் மாலை பாட்டு ஓய்ந்தது. சிம்ரான் காலி ஜாடிகளுக்கு நடுவே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் நினைத்து வந்தது என்ன என்று அபியாளுக்குத் தெரியும். ஆனாலும் கிண்ணம் நிறைய ஊற்றி எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"ஊருக்கெல்லாம் ஊற்றினீர்கள். நீங்கள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையே, அண்ணா."

சிம்ரான் தலை நிமிராமலே இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.