காலிக் கல்லறையில் எரிந்த மெழுகுவர்த்தி

மறுவுலகத்தைப் பாடிய பழைய கிறிஸ்தவக் கவிராயர்கள் ஒரு விஷயத்தில் கறாரானவர்கள். பூமியில் செய்த பாவம் எந்த உருவமோ, அங்கே தண்டனையும் அதே உருவம். கோள் சொன்னவனுக்கு நாக்கில் வேதனை, பார்த்தும் பாராமல் போனவனுக்குக் கண்ணில் வேதனை. எல்லோரையும் ஒரே நெருப்பில் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிற சோம்பேறித்தனம் அவர்களிடம் இல்லை. அந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேளுங்கள். கேள்வி கடைசியில்தான் வரும். அதுவரை யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

கடற்கரை ஊர் ஒன்றில் வியாகுலம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் கஸ்பார், ஒரே மகன் தொபியாஸ். மகன் குடித்துவிட்டு வந்த ஒரு மழை நாளில் கஸ்பார் கதவைத் தாழ்போட்டார். "தெளிஞ்சப்புறம் வரட்டும்" என்றார். மகன் தட்டினான். பிறகு தட்டவில்லை. மறுநாள் ஒரு வள்ளம் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. அதில் அவன் சட்டை சிக்கியிருந்தது. கடல் உடலைத் திருப்பித் தராதவர்களுக்கு அந்த ஊரில் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள்: சட்டையைப் பெட்டியில் வைத்து, பூசை வைத்து, அடக்கம் செய்தார்கள்.

அன்றிலிருந்து வியாகுலம்மாள் உள்ளறையில் தாழ்போட்டுக்கொண்டு படுத்தாள். கஸ்பாருக்கு நேரத்துக்குச் சோறு வைத்தாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. அவர் சாகக் கிடந்த நாளில், கூடத்திலிருந்து ஊர்ந்து வந்து அந்த உள்ளறைக் கதவைத் தட்டினார். "ஏட்டி, ஒரு வார்த்த பேசு." அவள் உள்ளே மகனுக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தட்டினார். பிறகு தட்டவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தால் ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடும். அவள் மகன் கல்லறையில் செவ்வந்தி தூவி மெழுகுவர்த்தி ஏற்றுவாள். "இது உனக்குத்தாம்ல. வேற யாருக்கும் இல்ல" என்று சத்தியம்போல் சொல்லுவாள். ஒட்டினாற்போல் கிடந்த கஸ்பாரின் கல்லறையில் புல்தான் முளைத்தது. பக்கத்துக்காரி கேட்டதற்கு, "அவருக்கு இருட்டுப் பழகட்டும்" என்றாள்.

வயதாகி அவளும் செத்தாள். செத்தவர்கள் பாவக் கடன் தீரும்வரை காத்துக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தின் ஓரத்தில், மோட்சத்துக்குள் போகிற ஒரு பெரிய கதவு. விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். ஒரு கிழவர் அதைத் தோளால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார். போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"ஏட்டி, வந்துட்டியா. படி உசரம், பாத்துக் கால வையி" என்றார் கஸ்பார்.

அவள் அவருக்குப் பதில் சொல்லாமல், பக்கத்தில் சிறகு மடக்கி நின்ற சம்மனசிடம், அந்த வானதூதரிடம், கேட்டாள். "எம்பிள்ள உள்ள இருக்கானா?"

"இல்லை அம்மா. அவன் இன்னும் சாகவில்லை. சட்டையைக் கழற்றி வள்ளத்தில் போட்டுவிட்டுக் கப்பலேறினான். வேறு பெயரில் வேறு கரையில் இருக்கிறான். நீ கல்லறை வைத்தது அவன் காதுக்கும் எட்டியது."

"எட்டியுமா வரல?"

"எட்டியும்தான்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை திருநாள், எத்தனை செவ்வந்தி. சம்மனசு ஒரு சுடரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தது.

"நீ ஏற்றியதெல்லாம் சேர்ந்து இது. செத்தவனுக்கென்று ஏற்றியது, உயிரோடிருக்கிறவனிடம் போகாமல் இங்கேயே நின்றுவிட்டது. ஒருவரை உள்ளே கொண்டுபோகும், ஒருவரை மட்டும். நீயே பிடித்துக்கொண்டு போகலாம். இவரை அனுப்பலாம். மகனுக்கென்று வைக்கலாம். பெற்றவளை அழவிட்டவன், வரும்போது அவனுக்கு இது வேண்டியிருக்கும்."

"இவரு போயிட்டா கதவ யாரு பிடிப்பா?"

"வேறொருவர் தோள் கொடுக்க வேண்டும். தட்டியவருக்குத் திறக்காதவர் தோளுக்குத்தான் இது நிற்கும். மற்றவர் தொட்டால் சாத்திக்கொள்ளும்."

கஸ்பார் சிரித்தார். "பிள்ளைக்கே வையிட்டி. எனக்குப் பழகிப்போச்சு. இந்த மட்டமாவது அவன் வாறப்ப கதவு தொறந்து கெடக்கணும்லா."

அந்த மழை நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கதவு பதிந்து பதிந்து அவர் தோள் குழிந்திருந்தது. சுடரைக் கையில் எடுத்தாள். மகனுக்குக் கொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது.

இப்போது சொல்லுங்கள். தன் பெயரைச் சொல்லியே சுடர் ஏற்றப்பட்ட மகன், மகனுக்கு வை என்கிற புருஷன், அழுது அழுது அதை வளர்த்த அவள். மூவரில் யாருக்கு அது சேர வேண்டும்?

விடை: கஸ்பாருக்கு. உயிரோடிருக்கிறவனுக்கு அழக் கண்ணும் மன்னிப்புக் கேட்க வாயும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அவன் சுடரை அவனே ஏற்றிக்கொள்ளட்டும். அவள் சத்தியம் செய்தது செத்த பிள்ளைக்கு. அப்படி ஒரு பிள்ளை இல்லவே இல்லை. அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டு போகவும் வழியில்லை, உள்ளறைத் தாழ்ப்பாள் அவளுக்கு மறக்கவில்லை. சுடரை அவர் கையில் திணித்து, "நீரு உள்ள போரும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்த மனுஷன் சாகும்போது தட்டினார். கதவு அவள் தோளில் அசையாமல் நின்றது. தொபியாஸ் வந்தால் இனித் தட்ட வேண்டியதில்லை. வருவானா என்று கேட்காதீர்கள். அதற்கு விடை இந்தக் கதையில் இல்லை.