அடைமழைக்குப் பொருள்

“அடைமழைக்கு நான் எழுதின பொருள் சரியான்னு சொல்லுங்கம்மா.”

கேட்டவர் புலவர் மாசிலாமணி. காவிரிக்கரைக்காரர், வெள்ளத்தில் அடிபட்டுத் தண்ணீரைத் திட்டியே பழகியவர். பன்னிரண்டு வருஷமாக அகராதி எழுதுகிறார். எழுதிய தாள்களைத் தகரப்பெட்டியில் போட்டு, அதையும் சுமந்துகொண்டு இந்த வறண்ட ஊருக்கு வந்திருந்தார். அவர் குருவாக வரித்த வேலம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

வேலம்மை கீரை ஆய்ந்துகொண்டே, “வாசிங்க” என்றார்.

“அடைமழை: விடாமல் பெய்து அல்லல் தரும் மழை. எடுத்துக்காட்டு: அடைமழை பிடித்து ஊரைக் கெடுத்தது.”

“குடிக்கத் தண்ணி இல்லை. ஒரு குடம் கொண்டு வாங்க. பொறகு பேசுவோம்.”

புலவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குடத்தை எடுத்தார்.

ஊருணி காய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு குழி. அதில் ஊறுவதைச் சிரட்டையால் மொண்டு நிரப்ப வேண்டும். வரிசையில் பதினாலு பேர். வெயில் உச்சிக்கு ஏறியபோது புலவருக்குத் தலை சுற்றியது.

முன்னால் நின்ற எதிர்வீட்டுக் காளியம்மாள், அப்போதுதான் நிரப்பிய தன் குடத்தை அவர் குடத்தில் கவிழ்த்தாள்.

“கொண்டு போங்கய்யா. நான் திரும்ப நின்னுக்கிறேன்.”

“வீட்டுல வேற தண்ணி இருக்காம்மா?”

“இருந்தா இங்க எதுக்கு நிக்கேன்?”

திரும்பி வந்து குடத்தை இறக்கினார். பெட்டியைத் திறந்து, ‘அல்லல் தரும்’ என்பதை அடித்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.



மூன்றாம் நாள் மழை பிடித்தது. பொழுது சாய்ந்தும் விடவில்லை. கூரை நாலு இடத்தில் ஒழுகியது. ஊரே அண்டா, பானை, சட்டி எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டது.

புலவர் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் காளியம்மாளின் ஒற்றைக் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வைக்க வேறு பாத்திரம் இல்லாமல் அவள் அதன் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றாள்.

புலவர் தகரப்பெட்டியைக் கவிழ்த்தார். பன்னிரண்டு வருஷமும் ஈரத் தரையில் சரிந்தது. வெறும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிக் காளியம்மாள் வாசலுக்கு ஓடினார். அழுதுகொண்டே ஓடினார், அவ்வளவு சந்தோஷம்.

வேலம்மை வாசலில் நின்று கூப்பிட்டார். “புலவரே, அடைமழைக்கு என்ன பொருள் எழுதினீங்க?”

“பேசிக்கிட்டு நிக்காதீங்கம்மா. நம்ம குடத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க.”

வேலம்மை குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.