ராஜா கை கழுவாத அமாவாசை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். பாருங்கள், ஆடுகிறதா? ஆடவில்லை. அப்படியானால் கேளுங்கள்.

கோளரிமாறன் என்று ஒரு ராஜா. அவர் சபையில் சாத்தையன் என்று ஒரு வாய்க்காரன். அரண்மனை நந்தவனத்தின் மதிலுக்கு இந்தப் பக்கம் அவன் வீட்டுத் தோட்டம். தோட்டமா அது! முருங்கை, பப்பாளி, வாழை, வேலியெல்லாம் கோவைக்கொடி. விடிந்ததும் கவிழ்த்துப் போட்ட உரலில் வந்து உட்கார்ந்துவிடுவான். வாழைப்பூவுக்குள் தலையை விட்டுத் தேன்சிட்டு வாலை மட்டும் ஆட்டும். தவிட்டுக்குருவிகள் ஏழும் ஏழு சம்பந்தியம்மாக்கள் மாதிரி ஒரே நேரத்தில் பேசும். கீரி குடும்பத்தோடு உலாப் போகும். ஒரு தையல்சிட்டு அவனுடைய இடது மீசையைப் பிடுங்கிக் கூட்டுக்கு மெத்தை போட்டது. குஞ்சுகளுக்குக் குளிருமே என்று வலது மீசையை இவனே சிரைத்துக் கொடுத்தான். மீசை இல்லாமல்தான் சபைக்கு வந்தான். நானே பார்த்தேன்.

ஒருநாள் நந்தவனத்தில் ராஜா உலாவும்போது, மேலேயிருந்து ஓர் அணில் பாதி கடித்த கொய்யாவை அவர் தலையில் போட்டது. இந்த வாய்ப்புக்குத்தான் காத்திருந்தார் நந்தவன அதிகாரி திருமேனி. மொட்டையடித்த தலை மாதிரித் தோட்டம் இருக்கவேண்டும் அவருக்கு. அன்றே பறை அறைவித்தார்.

"பறப்பது, தாவுவது, ஊர்வது எதுவும் அரண்மனை மதிலுக்குள் வரக்கூடாது! இது ராஜாவின் ஆணை!"

நாற்பது ஆட்கள் கவண் எடுத்தார்கள். நந்தவனத்து உயிரெல்லாம் மதில் தாண்டிச் சாத்தையன் தோட்டத்தில் குடியேறின. திருமேனி விடவில்லை.

"மகாராஜா, அந்தத் தோட்டம் இருக்கும்வரை இதுகள் திரும்பி வரும். வேரோடு வெட்டிவிடலாம்."

ராஜா தலையைத் தடவிப் பார்த்தார். வீக்கம் வடியவில்லை. "நாளை அமாவாசை. சாப்பிட்டு நான் கை கழுவியதும் வெட்டும் ஐயா. இது என் வாக்கு."

சாத்தையன் ஓடிவந்து ராஜா முன்னால் நின்றான். குஞ்சுகளுக்கு இன்னும் இறகுகூட முளைக்கவில்லை.

"கை கழுவியதும்தானே, மகாராஜா?"

"ஆமாம்."

"அதற்கு முன்னால் இல்லையே?"

"இல்லையடா!"

கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

மறுநாள் உச்சிவேளை. ராஜா காலையிலிருந்து பட்டினி. அமாவாசையன்று முன்னோர் காக்கையாக வந்து முதல் சோறு எடுத்தால்தான் அவர் வாயில் பருக்கை வைக்கலாம். மதில்மேல் இலை போட்டு, சோறும் பருப்பும் உளுந்து வடையும் வைத்து, "கா... கா..." என்றார்.

ஒன்றும் வரவில்லை.

மந்திரிகள் கூப்பிட்டார்கள். படைத்தளபதி கூப்பிட்டார். நாற்பது கவண்காரர்களும் கூப்பிட்டார்கள். கடைசியில் திருமேனி கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மதில்மேல் தொற்றி ஏறி, "கா!" என்று இலைப்பக்கம் வாயைக் கொண்டுபோனார்.

"இறங்கும் ஐயா!" என்று ராஜா கத்தினார். "என் தாத்தாவுக்கு இவ்வளவு தொந்தி கிடையாது!"

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஊரே கேட்கிற மாதிரி ஒரு "கா!" ராஜா எட்டிப் பார்த்தார். முருங்கை கொள்ளாமல் காக்கைகள். கீழே உரலில் சாத்தையன்.

"சாத்தையா! ஒன்றையாவது இங்கே அனுப்படா! உயிர் போகிறது!"

"கெஞ்சிப் பார்த்துவிட்டேன், மகாராஜா. பறப்பது எதுவும் மதிலுக்குள் வரக்கூடாது என்று பேரனே பறை அறைந்த பிறகு, மானமுள்ள எந்தத் தாத்தா வருவார்?"

ராஜாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இலையைத் தூக்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். மதிலேறிக் குதித்தே விட்டார்! உரல்மேல் இலை வைத்த மறுகணம் ஒரு கிழட்டுக் காக்கை வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"அவரேதான்! தாத்தாவுக்கு வடை என்றால் உயிர்!" என்று ராஜா துள்ளினார்.

சமையல்காரர்கள் ரசமும் பாயசமும் மதில் தாண்டிக் கொண்டுவர, அங்கேயே சம்மணம் போட்டுச் சாப்பிட்டார். இடது தொடையில் அணில், வலது தோளில் மைனா. வேலி ஓணான் அவர் விழுங்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் தலையாட்டியது. ராஜா ரசம் புரையேறச் சிரித்தார்.

கடைசிக் கவளம் உள்ளே போனதும் திருமேனி வந்து நின்றார். ஒரு கையில் கோடரி, ஒரு கையில் செம்புத் தண்ணீர்.

"கை கழுவுங்கள், மகாராஜா. வெட்டவேண்டும்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. முருங்கையைப் பார்த்தார். "சாத்தையா, கொடுத்த வாக்கை நான் விழுங்க முடியாதே..."

"விழுங்கவேண்டாம், மகாராஜா. கழுவியதும்தானே வெட்டவேண்டும்? திருமேனி ஐயாவின் பட்டுச் சால்வை எவ்வளவு அகலம், பாருங்கள்!"

ராஜா பார்த்தார். ரசமும் பாயசமும் வழிகிற கையை, ஐந்து விரலும் பதிய, அந்தச் சால்வையிலேயே துடைத்தார். துடைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் நான்கு பப்பாளி விழுந்தது. அன்றே ஆணை ரத்து. மதிலில் ஒரு வாசல் திறந்து, அதன் சாவியைச் சாத்தையனுக்கே கொடுத்தார். ஆயுள் முழுக்க அந்தத் தோட்டத்தில்தான் அவர் அமாவாசைச் சாப்பாடு. ஒருநாளும் அங்கே கை கழுவியதில்லை. திருமேனிதான் பக்கத்திலேயே நிற்பாரே!

நம்பவில்லையா? இதோ, நான் வெற்றிலை முடிந்து வைத்திருக்கும் இந்தத் துணியை மோந்து பாருங்கள். ரச வாசனை வருகிறதா? அதேதான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். திருமேனி வம்சத்தார் சால்வையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.