நகராத ஜோசியர்

"தாயே, என் மகள் என்னைப் பொய்யன்னு சொல்லிட்டா."

சொன்னவர் சட்டநாத ஜோசியர். நாற்பது வருஷமாகப் பஞ்சாங்கம் கணிக்கிறவர். கேட்டவர் ஞானவல்லி அம்மை, துறவி. ஜோசியரைவிட இருபத்தைந்து வயது சின்னவர். கோயிலில் நவக்கிரக மேடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்படி என்ன சொன்னா?"

"சூரியன் நகரவே இல்லையாம். பூமிதான் அதைச் சுத்துதாம். டீச்சராச்சே! பள்ளிக்கூடத்துல சொல்லட்டும், பெத்த அப்பன்கிட்டயா சொல்றது? சூரியன் மாசம் ஒரு ராசியா நகர்றதை வச்சுத்தானே என் பிழைப்பே. 'சொன்னது தப்புன்னு ஒத்துக்கிட்டு வா, அதுவரைக்கும் என் வாசப்படி மிதிக்காதே'ன்னுட்டேன்."

"வந்தாளா?"

"வரலை. அவளுக்குப் பொண்ணு பொறந்து ரெண்டு வயசாகுது. நான் முகம்கூடப் பார்க்கலை தாயே."

மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுஷர் அதற்கும் மசியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"இருக்கட்டும். நான் நகரமாட்டேன். அவதான் வரணும்."

அம்மை துடைப்பத்தைச் சாத்தி வைத்தார்.

"இப்படி வந்து நில்லுங்க ஐயா. மேடை நடுவுல யாரு?"

"சூரிய பகவான்."

"அவருக்குப் பின்னால என்ன தெரியுது?"

"தூங்கா விளக்கு."

"அவரைப் பார்த்தபடியே மேடையைச் சுத்தி வாங்க. ம்... இப்போ?"

"உண்டியல்."

"இன்னும் கொஞ்சம்."

"மடப்பள்ளிக் கதவு."

"பாருங்களேன்! பகவான் விளக்கை விட்டு உண்டியலுக்குப் போனார், உண்டியலை விட்டு மடப்பள்ளிக்கே போயிட்டார். நல்ல நடைதான்."

ஜோசியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கல்லு எங்கேயாவது நடக்குமா தாயே? நடந்தது நான்..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"மேஷம்," என்றார். பிறகு, "ரிஷபம்." பிறகு, "ஐயோ."

ஈரத் தரை என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பது வருஷம் தாயே! அத்தனை பஞ்சாங்கமும் பொய்யா?"

"நீங்க சொன்ன நேரத்துக்குக் கிரகணம் வந்துதா?"

"ஒரு தடவைகூடத் தப்பலை."

"பிறகென்ன?"

ஜோசியர் இரண்டு கையாலும் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டார், ஓடுகிற வண்டியில் உட்கார்ந்தவர் மாதிரி.

"பூமி இப்பவும் போகுதா?"

"போகுது."

"நான் சும்மா உட்கார்ந்திருந்தாலும்?"

"உட்கார்ந்திருந்தாலும்தான். மகளோட பேசி எத்தனை வருஷமாச்சு?"

"மூணு."

"அப்போ சூரியனையே மூணு சுத்து சுத்தி வந்திருக்கீங்க. மக வீடு எவ்வளவு தூரம்?"

ஜோசியர் தரையை விட்டுக் கையை எடுத்தார்.

"மூணு தெரு," என்றார்.