கடலுக்கடியில் ஒரு கதவு

"அண்ணன் இன்னைக்கு வர்றாரு, தாயே. அவரோட போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

சீனியம்மாள் கிழிந்த சேலையைத் தைத்துக்கொண்டே சொன்னாள். ஊசி விரலில் குத்தியது.

அந்தத் தீவில் ஒரு தென்னந்தோப்பும் இரண்டு குடிசைகளும்தான். ஒன்று குரு தாயம்மையுடையது. சீனியம்மாளைவிட வயதில் இளையவள். மற்றது, அவளிடம் தியானம் பழக வந்த சீனியம்மாளுடையது.

"போன தடவை அழுதாரு, போனேன். அதுக்கு முந்தி திட்டினாரு, அப்பவும் போனேன்."

"ஒண்ணுமே பேசாம நின்னா?"

"அதுக்கும் போவேன். என் மனசுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்க, தாயே. ஒரு மந்திரம், ஒரு சத்தியம், எதையாவது."

தாயம்மை எழுந்தாள்.

"ஊசியை எடுத்துட்டு வாங்க, அக்கா."

கடல் வற்றிக் கிடந்தது. தண்ணீர் ஏறினால் மூழ்கிப்போகிற பாறை ஒன்றின் முன்னால் தாயம்மை குந்தினாள்.

"இதுல ஒரு கதவு இருக்கு. திறங்க."

சீனியம்மாளுக்குப் பாசிதான் தெரிந்தது. தடவித் தடவித் தேடினாள். கடைசியில் விரல்நகம் அளவுக்கு ஒரு மூடி அகப்பட்டது. ஊசிமுனையால் நெம்பினாள். சற்றே எழும்பிய மூடியை உள்ளேயிருந்து எதுவோ வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"உள்ளே ஆள் இருக்கு."

"சிலந்தி. தண்ணி ஏறினா, வடியிற வரைக்கும் கதவை மூடிக்கிட்டு உள்ளேயே இருக்கும்."

"கடலே மேல ஏறுதே. தாழ்ப்பாள் போட்டிருக்குமோ?"

"பாருங்க."

சீனியம்மாளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. மறுபடி நெம்பினாள். மூடி பாதி திறந்தது. அதன் அடியில் கால்களைப் பதித்து, உடம்பெல்லாம் நடுங்க, சிலந்தி கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

"தாழ்ப்பாளே இல்லையே, தாயே. இதுதான் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது."

முதல் அலை இருவர் காலையும் நனைத்தது.

"விடுங்க அக்கா. அதுக்கு வேலை வந்துருச்சு."

சீனியம்மாள் ஊசியை எடுத்தாள். கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பாறையே தெரியவில்லை. தாயம்மை போன பிறகும் சீனியம்மாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்த இடத்தையே பார்த்தாள்.

உச்சிப்பொழுதில் படகு வந்தது. அண்ணன் இருளப்பன் அழவில்லை, திட்டவில்லை. நேரே குடிசைக்குள் போய் அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வா சீனி. உன் மதினி பணியாரம் சுட்டு வச்சிருக்கா."

"நான் வரலைண்ணே."

அவர் தாயம்மையின் குடிசையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. தோப்புக்குள் தேங்காய் விழும் சத்தம் கேட்டது.

"உன்னை இங்கே யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

சீனியம்மாள் மூட்டையின் மறுமுனையைப் பற்றினாள். கை நடுங்கியது. விடவில்லை.

"நான்தான்."