நாலாவது காலம்

அந்தப் பள்ளியில் அவர்களைக் குரு, சிஷ்யர் என்றுதான் சொன்னார்கள். சிஷ்யருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பது.

சிஷ்யர் தமிழாசிரியர் மாசிலாமணி. குரு கணக்கு டீச்சர் மெஹருன்னிசா. திருப்பூருக்கு வெளியே, பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கும் உயர்நிலைப் பள்ளி அது. ஆசிரியர் அறையில் ஒரே ஒரு கணினி. அதன் முன்னால் மாசிலாமணி கைகட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்று பி.டி. சார் தண்டபாணி வைத்த பெயர் அது. மாசிலாமணி கோபித்துக்கொள்ளவில்லை. "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார். அன்று முதல் அவரே "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அதுவரை அவருடைய சட்டைப்பைதான் அவருடைய அலுவலகம். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வகுப்பாசிரியராகப் போட்டதிலிருந்து அதில் துண்டுச்சீட்டுகள் பெருகின. மேலேயிருந்து வாரம் ஒரு பட்டியல் கேட்பார்கள். ரத்த வகை கேட்பார்கள். உயரம், எடை கேட்பார்கள். ஒருமுறை நாற்பத்தொரு பிள்ளைகளின் ஷூ அளவும் துணியோடு துணியாகத் துவைபட்டுப்போனது. அன்றைக்குத்தான் அவர் மெஹருன்னிசாவிடம் போய் நின்றார்.

"டீச்சர், எதையும் மறக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க. காசு கேக்காத வழியா இருக்கணும்."

மெஹருன்னிசா மேஜையில் இடம் ஒதுக்கினார். "பையில இருக்கறத இப்படிக் கொட்டுங்கய்யா" என்றார்.

மேஜையில் சீட்டுகள் குவிந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று குவியலாகப் பிரித்தார்.

"இதுல தேதி இருக்கு. இதெல்லாம் காலண்டருக்கு. உங்க போன்லயே இருக்கு, நேரத்துக்கு மணியடிக்கும். இது செய்ய வேண்டிய வேலை. பட்டியல்ல போட்டுட்டு, செஞ்சதும் டிக் பண்ணிக்கலாம். இதுல ஆள் பேரு இருக்கு. இது ஷீட்டுக்கு."

"விரிதாள்" என்றார் மாசிலாமணி.

"விரிதாளுக்கு."

ஒரு சீட்டு மட்டும் எந்தக் குவியலிலும் சேரவில்லை. அதில் 'முகிலன் சிரித்தான்' என்று மட்டும் இருந்தது.

"இது என்னங்கய்யா?"

மாசிலாமணிக்கு வெட்கமாகிவிட்டது. "அது ஒண்ணுமில்ல டீச்சர். அவங்கப்பா தவறுனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சான். சும்மா எழுதி வெச்சேன். கிழிச்சுருங்க."

மெஹருன்னிசா கிழிக்கவில்லை. அதைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

பிறகு கணினியில் ஒரு விரிதாளைத் திறந்தார். பெயர் என்று ஒரு தலைப்பு. பெற்றோர் எண் என்று ஒன்று. வராத நாட்கள் என்று ஒன்று.

"இந்தக் கடைசிக் காலத்தைக் காலியா விட்டுருங்க" என்றார்.

"எந்தக் கடைசிக் காலம்?"

"இந்தக் காலம்ங்கய்யா, இங்கிலீஷ் 'காலம்'. இந்த வரிசை."

"ஓ, அதச் சொல்றீங்களா!" மாசிலாமணி சிரித்தார். "எங்க இலக்கணத்துல மூணு காலந்தான், குருவே. இறந்தது, நிகழ்றது, எதிர்ல வர்றது."

"இது நாலாவது."

"அதுக்குத் தலைப்பு?"

"இருக்கட்டும்."

தலைப்பில்லாமல் ஒரு வரிசை நிற்பது மாசிலாமணிக்கு உறுத்தியது. அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். "இருக்கட்டும்" என்பதுதான் பதில்.

ஒரு மாதத்தில் அவர் தேறிவிட்டார். காலை பத்து மணிக்கு போன் மணியடிக்கும். 'வராத பிள்ளைகள் வீட்டுக்குப் பேசு' என்று எழுத்து வரும். பேசுவார். டிக் போடுவார். டிக் போடும்போது ஒரு சுகம் இருந்தது. "தமிழய்யா பேட்டரி போட்டுட்டாரு" என்றார் தண்டபாணி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு, மாசிலாமணி தானாக ஒரு காரியம் செய்தார். விரிதாளில் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்த வரிசையில் கலந்து கிடந்தார்கள். முதலில் வெற்றிவேல். அடுத்தது அகிலா. முப்பது வருடம் தமிழ் நடத்தியவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெயர்கள் இருந்த கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசையில் அடுக்கும் பொத்தானை அழுத்தினார். கண் இமைப்பதற்குள் அகிலா முதலிலும் வெற்றிவேல் கடைசியிலுமாக, காலை வணக்கத்துக்கு நிற்பதுபோல நின்றார்கள். அவர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வீட்டுக்குப் போனார்.

திங்கள்கிழமை இசைவாணி வரவில்லை. பத்து மணிக்கு மணி அடித்தது. அவளுக்கு நேரே இருந்த எண்ணைக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. டிக் போட்டார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை ஒரு பெண்குரல் எடுத்தது. பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்டது.

"அம்மா, நான் பள்ளிக்கூடத்துல இருந்து பேசறேன். மூணு நாளா உங்க பொண்ணு வரலையே, உடம்புக்கு ஏதாவதா?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

முக்கால் மணி நேரத்தில் ஒரு பெண் பள்ளிக்குள் ஓடி வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. கழுத்தில் கம்பெனி அட்டை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"எம்புள்ளை எங்கீங்கய்யா? காலைல நாந்தானுங்க சடை பின்னி அனுப்புனேன். மூணு நாளா எங்கீங்க போனா?"

வகுப்பில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஓவியா எழுந்தாள். "அம்மா, ஏன் இங்க வந்தே?"

அந்தப் பெண் மகளின் சடையைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் சடையை விடவில்லை. மாசிலாமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்புக் கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளை ஆட்டோ ஏற்றிவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தவர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"வேண்டாங்க டீச்சர் இது. எனக்கு என் சட்டைப்பையே போதும். அது துணியத்தான் கறையாக்கும்."

மெஹருன்னிசா விரிதாளைத் திறந்து பார்த்தார்.

"பேரை மட்டும் அகரவரிசை ஆக்குனீங்களா?"

"ஆமா." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அழகா இருந்துச்சு."

"பேரு நகர்ந்துருச்சு. நம்பர் நகரல."

மாசிலாமணிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து வகுப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு அம்மா மாறிப்போயிருந்தார்கள்.

மெஹருன்னிசா எங்கோ ஓரத்தில் அழுத்தினார். திருத்தங்களின் வரலாறு விரிந்தது. வெள்ளிக்கிழமை பகல் என்று ஒரு வரி. அதைத் தொட்டதும் விரிதாள் பழையபடி ஆனது. வெற்றிவேல் முதலில். அகிலா அடுத்து. அவரவர் எண் அவரவர் நேரே.

"எல்லாம் திரும்பி வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கய்யா."

"அந்தம்மா ஓடி வந்தது?"

"அதுக்கு இதுல வழியில்ல."

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். இசைவாணிக்கு நேரே வேறொரு எண் இருந்தது. மூன்று நாட்களாக யாரும் கூப்பிடாத எண். மாசிலாமணி போனை எடுத்தார். மெஹருன்னிசா அதை மெல்ல வாங்கி அவருடைய சட்டைப்பையில் வைத்தார். மேஜையிலிருந்த அவருடைய சுண்ணக்கட்டிப் பெட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆறாவது பீரியடும் ஏழாவது பீரியடும் நான் பாத்துக்கறேன். எச்.எம். கிட்ட சொல்லிட்டு அவ வீட்டுக்கே போய்ட்டு வாங்க."

"டீச்சர், ஆறாவது பீரியட் செய்யுள்."

"தெரியுங்கய்யா. படிக்க வெக்கறேன்."

இசைவாணி வீடு, ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் நான்காவது கதவு. உள்ளே தரையில் சின்னக் குழந்தைகளுக்கான பனியன்கள் குன்றுபோலக் கிடந்தன. இசைவாணி நடுவில் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கத்தரியைத் துணிக்குள் ஒளித்தாள்.

அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். வலது பெருவிரல் முழுக்கக் கட்டு.

"கம்பெனியில ஊசி இறங்கிருச்சுங்கய்யா, தையல் போட்டுருக்குது. அதான் வீட்டுக்கு வேலை வாங்கிக்கிட்டேன். புள்ளை வெட்டிக் குடுக்கறா."

"பள்ளிக்கூடம்?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "மூணு நாளா ஒரு போன் வரலீங்க. இவகூடப் படிக்கற ரேவதி வீட்டுல சொன்னாங்க, நம்ம தமிழய்யா ஒரு நாள் வரலீன்னாலே போன் போட்டுருவாருன்னு. நானும் போனைப் பக்கத்துலயே வெச்சுருந்தேன். வரல. சரி, இவளை அங்க யாரும் தேடலயாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்த மாசத்துல இருந்து கம்பெனிக்கே கூட்டிப் போயரலாம்னு இருக்கறனுங்க."

மாசிலாமணி கூப்பிட்டுத்தான் இருந்தார். தினமும் கூப்பிட்டார். டிக்கும் போட்டார். அதைச் சொல்ல வாயெடுத்தார்.

"தப்பு எம்மேலதாம்மா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு தரையில் உட்கார்ந்தார். ஒளித்து வைத்த கத்தரியை இசைவாணியிடம் கேட்டு வாங்கினார். ஒரு பனியனை எடுத்து, கண்ணாடியை மேலேற்றி, கவனமாக ஒரு நூலை வெட்டினார்.

"ஐயா!" என்று கத்தினாள் இசைவாணி. "அது பிசிறில்லீங்க, தையல்!"

தோள்பட்டை பிரிந்து தொங்கியது. மூன்று நாளில் முதல்முறையாக அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"எங்கய்யாவுக்கு இதெல்லாம் வராதும்மா" என்றாள் இசைவாணி.

"உனக்கு இது நல்லா வருது கண்ணு" என்றார் அவர். "அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"விரல்ல தையல் என்னைக்கும்மா பிரிக்கறாங்க?"

"அடுத்த வாரம் வியாழக்கிழமைங்க."

அவர் போனை எடுத்து வாயருகே வைத்து, வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். போன் தானே எழுதிக்கொண்டது: 'அடுத்த வார வியாழன். இசைவாணி அம்மாவுக்குத் தையல் பிரிக்கும் நாள். விசாரி.'

"எதுக்குங்கய்யா அதெல்லாம்?"

"மறந்துருவேன்மா. வயசாச்சு."

பிள்ளையை அனுப்புகிறேன் என்றும் அவள் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை வணக்கத்தில் மாசிலாமணி தன் வரிசையை இரண்டு தரம் எண்ணினார். இரண்டு தரமும் நாற்பதுதான் வந்தது. முதல் பீரியட் பாதியில் கதவருகே ஒரு நிழல் விழுந்தது.

"உள்ள வரலாங்களாய்யா?"

"வா."

இசைவாணி அவர் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அம்மா இடது கையில வெட்டிப் பழகிக்கறாங்களாம். போகச் சொல்லிட்டாங்க."

மதியம் அவர் கணினி முன்னால் உட்கார்ந்தார். இசைவாணிக்கு நேரே, வராத நாட்கள் என்ற தலைப்பின் கீழே, மூன்று என்று போட்டார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குருவே."

மெஹருன்னிசா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "சொல்லுங்கய்யா."

"மூணுன்னு போட்டாச்சு. இவ்வளவுதானா? மிச்சத்த எங்க போடறது?"

அவர் பேனாவால் திரையின் வலது ஓரத்தைக் காட்டினார்.

மாசிலாமணி அங்கே பார்வையை ஓட்டினார். காலியாக இருக்கும் என்று நினைத்த அந்த நாலாவது காலத்தில், முகிலனுக்கு நேரே, என்றைக்கோ யாரோ தட்டி வைத்த ஒரு வார்த்தை இருந்தது. 'சிரித்தான்.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். இசைவாணிக்கு நேரே எழுதினார்: 'அம்மா இடது கையால் வெட்டப் பழகுகிறார். இவள் வந்திருக்கிறாள்.' கொஞ்சம் யோசித்து, ஓவியாவுக்கு நேரே போனார். 'இவள் அம்மா ஒற்றைச் செருப்போடு ஓடி வருவார்.'

எழுதியதைத் திரும்பப் படித்தார். எழுத்துப்பிழை இல்லை. ஆனாலும் மேலே அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. முப்பது வருடப் பழக்கம் விடவில்லை.

"இப்பவாவது சொல்லுங்க, டீச்சர். இந்தக் காலத்துக்கு ஒரு தலைப்பு வெச்சுரலாமா?"

"வேண்டாங்கய்யா" என்றார் மெஹருன்னிசா, விடைத்தாளிலிருந்து தலை தூக்காமல். "தலைப்பு வெச்சா, நாளைக்கு மதியத்துக்குள்ள மேல அனுப்பச் சொல்லுவாங்க."